வைஃபை பெட்டியின் யூஎஸ்பி-சி போர்ட் வேலை செய்யவில்லையா? நீங்கள் கெடுத்துவிடவில்லை!

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட வீட்டில் வசிக்கும் என் அப்பா, கடந்த பள்ளி விடுமுறையில் 229 வெள்ளி கொடுத்து ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினார். வாங்கச் சொன்னவள் நான்தான். அவருடைய கைப்பேசி நிரம்பிவிட்டது. தாத்தாவின் கடைசித் தீபாவளி, தங்கையின் திருமணம், மாணவர் இல்லாமல் மூடப்பட்ட எங்கள் பழைய பள்ளிக்கூடம் என ஆறு ஆண்டுப் படங்கள் அதற்குள் இருந்தன. வீட்டு வைஃபை பெட்டியின் பின்புறம் ஒரு யூஎஸ்பி-சி போர்ட் இருந்தது. பெட்டியை விற்ற நிறுவனத்தின் துண்டறிக்கையிலும் அது ஒரு வசதியாக அச்சிடப்பட்டிருந்தது. “அதுல சொருகிட்டா வீட்டுல இருக்கிற எல்லாரும் படத்தைச் சேமிக்கலாம்பா” என்று நான் சொல்லிவிட்டுக் கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்டேன்.

அப்பா சொருகினார். விளக்கு எரியவில்லை. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் தொலைபேசியில் மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, நான் எதையோ தப்பா சொருகிக் கெடுத்துட்டேன் போல இருக்கு. கம்பெனிக்காரன் வந்து கேட்டா என்ன சொல்றது?”

அவர் எதையும் கெடுக்கவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு நான் இரண்டு முறை அழைத்த பிறகு கிடைத்த பதில், “பெலும் டிஆக்திஃப்கான்”. அதாவது, அந்தப் போர்ட்டை நிறுவனம் இன்னும் இயக்கிவிடவே இல்லை. எப்போது இயக்குவார்கள் என்பதற்குப் பதில் இல்லை.

வேலை செய்யாத ஒரு துளைக்காக ஒரு பெரியவர் மூன்று வாரம் தம்மையே நொந்துகொண்டிருந்தார். இது போன்ற நிலை வேறு வீடுகளிலும் ஏற்படலாம். அந்தப் போர்ட் எதற்காக இருக்கிறது, ஏன் வேலை செய்யாமல் போகிறது, நாமே எதைச் சோதித்துப் பார்க்கலாம், எங்கே முறையிடலாம் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எந்தப் பெட்டியைச் சொல்கிறோம்?

வீட்டில் நாம் ‘மோடம்’ என்றும் ‘வைஃபை பெட்டி’ என்றும் அழைப்பதைத்தான் நிறுவனங்கள் ‘கேட்வே’ என்கின்றன. வெளியிலிருந்து வரும் இணையத்தை வாங்கி வீட்டிலுள்ள கைப்பேசி, தொலைக்காட்சி, கணினி எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுப்பது இதன் வேலை.

பட்டணத்து வீடுகளில் பெரும்பாலும் கண்ணாடி இழைக் கம்பி வழியாக இணையம் வருகிறது. கம்பி எட்டாத தோட்டங்களிலும் உள்வட்டாரக் கம்பங்களிலும், சிம் அட்டை போட்ட 4ஜி அல்லது 5ஜி கம்பியில்லாப் பெட்டிதான் துணை. நம் நாட்டில் 5ஜி சேவை 2021 டிசம்பரில் தொடங்கிய பிறகு இத்தகைய பெட்டிகள் பெருகின. இவற்றில் சிலவற்றில் கணினிக்கான லேன் போர்ட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதனால் பக்கத்தில் உள்ள யூஎஸ்பி-சி போர்ட்டின் மீது நமக்கு எதிர்பார்ப்பு கூடிவிடுகிறது.

ஒரே வடிவம், பல வேலைகள்

யூஎஸ்பி-சி என்பது முனையின் வடிவத்துக்கான பெயர். 2014 ஆகஸ்டில் இதன் வரையறை வெளியானது. சிறிய நீள்வட்டத் துளை, உள்ளே 24 தொடுமுனைகள், எந்தப் பக்கம் திருப்பியும் சொருகலாம். 2023 செப்டம்பரில் ஐபோனும் இந்த வடிவத்துக்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இதனால், ‘இந்தத் துளை இருந்தால் எல்லாம் வேலை செய்யும்’ என்ற நம்பிக்கை பரவிவிட்டது.

உண்மையில் இந்தத் துளை வழியாக மின்சாரம் போகலாம், தரவு போகலாம், திரைக்கான படக்காட்சியும் போகலாம். இவற்றில் எதைக் கொடுப்பது என்பதைப் பெட்டியைத் தயாரிப்பவர் தீர்மானிக்கிறார். வேகமும் அப்படித்தான். ஒரு பெட்டியில் பழைய யூஎஸ்பி 2.0 வேகமான விநாடிக்கு 480 மெகாபிட் இருக்கலாம். இன்னொன்றில் 5 கிகாபிட் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பழைய செவ்வக யூஎஸ்பி-ஏ போர்ட், கணினி ஓடும்போது பொதுவாக 5 வோல்ட் மின்சாரத்தைத் தயாராக வைத்திருக்கும். எதைச் சொருகினாலும் விளக்கு எரியும். யூஎஸ்பி-சி போர்ட் கேட்டால்தான் கொடுக்கும். சொருகிய கருவி ‘நான் மின்சாரம் வாங்குபவன்’ என்பதை 5.1 கிலோ ஓம் அளவுள்ள ஒரு சிறிய மின்தடையத்தின் மூலம் காட்டும். எதிர்ப்பக்கம் ‘நான் கொடுப்பவன்’ என்று அமைக்கப்பட்டிருந்தால்தான் மின்சாரம் வரும். அப்பாவின் ஹார்ட் டிஸ்க் மின்சாரத்துக்குக் காத்திருந்தது. பெட்டியின் போர்ட் கொடுப்பவனாக இயக்கப்படவில்லை. அதனால்தான் விளக்குகூட எரியவில்லை.

வேலை செய்யாததற்கு ஆறு காரணங்கள்

1. மின்சாரம் வாங்க மட்டுமே அமைந்த போர்ட்: சில வைஃபை பெட்டிகள், குறிப்பாக வீட்டின் பல மூலைகளில் வைக்கும் சிறிய ‘மெஷ்’ பெட்டிகள், யூஎஸ்பி-சி வழியாகத்தான் மின்சாரம் பெறுகின்றன. அதில் விரலியையோ ஹார்ட் டிஸ்க்கையோ சொருகிப் பயனில்லை.

2. தொழில்நுட்பர்களுக்கான போர்ட்: தொழிற்சாலையில் சோதனை செய்யவும் பழுது பார்க்கவும் வைத்த போர்ட் அப்படியே நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

3. மென்பொருளில் அடைக்கப்பட்ட போர்ட்: தயாரிப்பாளர் போர்ட்டை வைத்திருப்பார். ஆனால், இணையச் சேவை நிறுவனம் தன் பெட்டிக்கென்று மாற்றியமைத்த மென்பொருளில் அதை இயக்கியிருக்காது. கையேட்டில் ‘எதிர்காலப் பயன்பாட்டுக்கு’ என்று ஒரு வரி இருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

4. கேபிள்: சில மலிவான யூஎஸ்பி-சி கேபிள்களில் சார்ஜ் செய்வதற்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக் கம்பிகள் இருக்காது.

5. டிஸ்க்கின் அமைப்பு: பெட்டிக்குப் புரியாத முறையில் டிஸ்க் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கலாம். பல பெட்டிகள் ஃபேட்32 முறையைப் படிக்கும், மற்றவற்றைப் படிக்கத் தடுமாறும். ஃபேட்32-இல் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பைச் சேமிக்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நீளமான திருமணக் காணொளிகள் இந்த அளவைத் தாண்டிவிடும்.

6. மின்சாரம் போதாமை: உள்ளே தட்டு சுழலும் வகை ஹார்ட் டிஸ்க், தொடங்கும் நேரத்தில் கூடுதல் மின்சாரம் இழுக்கும். பெட்டியால் அதைக் கொடுக்க முடியாதபோது டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தமிட்டு நின்றுவிடும்.

நிறுவனங்கள் போர்ட்டை அடைத்து வைப்பதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ‘நெட்யூஎஸ்பி’ என்பது பல தயாரிப்பாளர்களின் ரூட்டர்களில் யூஎஸ்பி கருவிகளைப் பகிரப் பயன்பட்ட மென்பொருள். 2015 மே மாதத்தில் அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது வெளியானது. அவ்வாறு திறந்து வைத்த போர்ட் வழியாக வீட்டு வலையமைப்பே ஆபத்துக்குள்ளாகலாம். ஆகவே, அடைத்து வைப்பது நியாயமாகவே இருக்கலாம். அப்படியானால் அதை வசதி என்று விளம்பரப்படுத்தாமல் இருப்பதுதான் முறை.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை

கீழ்க்காணும் வரிசையில் செய்தால் அரை மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும்.

முதலில் போர்ட்டுக்கு அருகில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ‘பவர்’, ‘டிசி இன்’, 5வி, 9வி போன்ற குறி இருந்தால் அது மின்சாரம் வாங்கும் போர்ட். யூஎஸ்பி-யின் மூன்று கிளைச் சின்னம் இருந்தால் தரவுக்கானதாக இருக்க வாய்ப்புண்டு.

இரண்டாவதாக, நன்றாக வேலை செய்யும் ஒரு யூஎஸ்பி-சி கேபிளால் உங்கள் கைப்பேசியைப் பெட்டியுடன் இணையுங்கள். கைப்பேசி சார்ஜ் ஆகத் தொடங்கினால் போர்ட்டில் மின்சாரம் வருகிறது. மாறாக, கைப்பேசி மற்றொரு கருவிக்குச் சார்ஜ் கொடுக்கிறது என்று திரையில் தெரிந்தால், பெட்டியின் போர்ட் வாங்கும் வகை. ஒன்றுமே நடக்காவிட்டால் அது அடைக்கப்பட்டிருக்க அதிக வாய்ப்புண்டு.

மூன்றாவதாக, பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் செல்லுங்கள். கைப்பேசி வைஃபையில் இருக்கும்போது உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று தட்டினால் பெரும்பாலான பெட்டிகளில் அந்தப் பக்கம் வரும். சரியான எண்ணும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள தாளில் இருக்கும். அங்கே ‘யூஎஸ்பி’, ‘ஸ்டோரேஜ்’, ‘ஃபைல் ஷேரிங்’ என்ற தலைப்புகளைத் தேடுங்கள். இருந்தால் அதை இயக்கிப் பாருங்கள். அப்படி ஒரு தலைப்பே இல்லாவிட்டால் கேபிளை மாற்றி மாற்றிச் சொருகுவதில் பயனில்லை.

நான்காவதாக, படங்கள் எதுவும் இல்லாத ஒரு சிறிய விரலியை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து சொருகிப் பாருங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எனவே, குடும்பப் படங்கள் உள்ள டிஸ்க்கில் இந்தச் சோதனை வேண்டாம்.

சில வீடுகளில் அமைப்புப் பக்கத்தில் டிஸ்க் தெரியும், மடிக்கணினியில் தெரியாது. பழைய பெட்டிகள் ‘எஸ்எம்பி 1’ என்னும் பழைய பகிர்வு முறையைப் பயன்படுத்துவது இதற்குக் காரணமாக இருக்கலாம். 2017 மே மாதம் உலகை உலுக்கிய ‘வான்னாகிரை’ நச்சுநிரல் பரவியது இந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் இதை இயல்பாக நிறுவுவதை நிறுத்திக்கொண்டது. கடைக்காரர் யாராவது ‘அதைத் திறந்து விடுகிறேன்’ என்று சொன்னால் மறுத்துவிடுங்கள்.

போர்ட் நன்றாக வேலை செய்யும் வீட்டிலும் ஒரு தொந்தரவு வரலாம். யூஎஸ்பி 3 வேகத்தில் இயங்கும் டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும் என்று இன்டெல் நிறுவனம் 2012-லேயே விளக்கியுள்ளது. டிஸ்க்கைச் சொருகிய பிறகு வைஃபை மந்தமானால், அதைப் பெட்டியிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள் அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள்.

மின்சாரம் போனால் பவர் பேங்க் உதவுமா?

மாலை மழையும் இடியும் வந்தால் மின்சாரம் போகும் தோட்டங்களில் இது முக்கியமான கேள்வி. பிள்ளைகள் எஸ்பிஎம் பாடத்தை இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெட்டி அணைந்துவிடுகிறது. ‘யூஎஸ்பி-சி போர்ட்டில் பவர் பேங்கைச் சொருகினால் ஓடாதா?’ என்று தோன்றும்.

பெட்டி தன் சொந்த மின்சாரத்தையே யூஎஸ்பி-சி வழியாக வாங்கும் வகையாக இருந்தால், அதே அளவு வோல்ட்டும் வாட்டும் தரக்கூடிய பவர் பேங்க் உதவும். பெட்டிக்கு 12 வோல்ட் உருண்டை முனை அடாப்டர் கொடுத்திருந்தால், யூஎஸ்பி-சி போர்ட்டில் பவர் பேங்கைச் சொருகினாலும் பெட்டி ஓடாது.

சந்தையில் பவர் பேங்கிலிருந்து 12 வோல்ட் இழுத்துத் தரும் கேபிள்கள் விற்கின்றன. யூஎஸ்பி மின்வழங்கல் முறையின் வழக்கமான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். 12 வோல்ட் கட்டாயப் படியாக இல்லாததால், எல்லாப் பவர் பேங்கும் அதைத் தருவதில்லை. ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் வாங்குவது எளிது. அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர், முனையின் அளவு, நேர் எதிர் முனைக் குறி ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். வோல்ட்டைக் கூட்டித் தரும் எந்தக் கேபிளையும் யூஎஸ்பி-சி போர்ட்டுக்குள் சொருகாதீர்கள். பெட்டி எரிந்துவிடலாம்.

கம்பி இணையம் உள்ள வீட்டில் சுவரில் இருக்கும் கண்ணாடி இழைப் பெட்டிக்கும் தனியாக மின்சாரம் வேண்டும். கம்பியில்லாப் பெட்டி என்றால், கோபுரத்தில் மின்சாரம் இருந்தால்தான் இணையம் வரும்.

எங்கே முறையிடலாம்?

முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள். தொலைபேசியில் பேசினாலும், அதையே மின்னஞ்சலிலோ புலனத்திலோ எழுதிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். துண்டறிக்கை, ஒப்பந்தம், கையேட்டின் பக்கம் ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள்.

நிறுவனத்தின் பதில் திருப்தி அளிக்காவிட்டால், இணையச் சேவை தொடர்பான புகாரை எம்.சி.எம்.சி. எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் புகார் அகப்பக்கத்தில் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை.

கடையில் சொந்தமாக வாங்கிய பெட்டி என்றால் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். பொருள் அதன் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும், வாங்குபவர் சொன்ன தேவைக்குப் பொருந்த வேண்டும் என்று அந்தச் சட்டம் கூறுகிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, இரு தரப்பும் நேரில் பேச வேண்டியதுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘யூஎஸ்பி-சி போர்ட் உண்டு’ என்று மட்டும் எழுதியிருந்தால் நம் வாதம் சற்று வலுவிழக்கும். ‘ஹார்ட் டிஸ்க் இணைக்கலாம்’, ‘கோப்புகளைப் பகிரலாம்’ என்று எழுதியிருந்தால் வாதம் வலுவானது. அதனால்தான் துண்டறிக்கையைத் தூக்கிப் போடக் கூடாது.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

பெட்டியை விற்க வருபவரிடம் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

* இந்த யூஎஸ்பி-சி போர்ட் மின்சாரத்துக்கா, தரவுக்கா?
* இன்றே வேலை செய்யுமா, பிறகுதான் இயக்குவீர்களா?
* ஹார்ட் டிஸ்க், பிரிண்டர் ஆகியவற்றில் எதை இணைக்கலாம்?
* வேலை செய்யாவிட்டால் ஒப்பந்தக் காலத்தில் பெட்டியை மாற்றித் தருவீர்களா?

பதிலை ஒப்பந்தத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மலாயில் கேட்பது சிரமம் என்றால் பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அருகில் நாடி இணைய மையம் இருந்தால் அங்குள்ள பணியாளர்களிடம் துண்டறிக்கையைக் காட்டி விளக்கம் கேட்கலாம்.

எங்கள் வீட்டுப் பெட்டியின் போர்ட் இன்றுவரை இயங்கவில்லை. எழுத்தில் அனுப்பிய புகாருக்குப் பிறகு, அந்த வசதி தற்போது இல்லை என்று நிறுவனம் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. அந்தப் பதிலை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். “அப்ப நான் கெடுக்கலை” என்றார்.

ஹார்ட் டிஸ்க் வீணாகவில்லை. தம்பியின் மடிக்கணினியில் சொருகி எல்லாப் படங்களையும் ஏற்றினோம். இன்னொரு பிரதியை வேறொரு டிஸ்க்கில் எடுத்து நான் கோலாலம்பூரில் வைத்திருக்கிறேன். ஒரே இடத்தில் இருக்கும் படங்கள் பாதுகாப்பாக இருப்பதாகச் சொல்ல முடியாது. பெட்டியின் போர்ட் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், உங்கள் வீட்டுப் படங்களுக்கும் இரண்டு பிரதிகள் இருக்கட்டும்.